கங்கு விழட்டும், அப்புறம் சுடலாம்

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் மதுரைப் பிள்ளைகளுக்கு இப்ப ஒரு புது ஆசை வந்திருக்கு. கொடைக்கானல் போயிட்டு வந்த கூட்டாளிங்க, அங்கே ராத்திரி நெருப்பைச் சுத்தி உட்கார்ந்து குச்சியில மார்ஷ்மெல்லோ குத்திச் சுட்டுத் தின்ன கதையைச் சொல்லியிருப்பாங்க. உடனே சூப்பர் மார்க்கெட்ல ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து, "அம்மா, மாடியில நெருப்பு போடலாமா?"ன்னு நிப்பாங்க. வேண்டாம்னு சொல்லிடாதீங்க தங்கச்சிகளா. மார்கழி, தை ரெண்டு மாசம்தான் நம்ம ஊர்ல நெருப்புப் பக்கத்துல உட்கார்றது சுகமா இருக்கும். அவங்க கேட்டதைச் சுட்டுக் கொடுங்க. கூடவே நம்ம கரிசல் காட்டுலயும் காவிரிக் கரையிலயும் என்னென்ன சுடுறாங்கன்னும் காட்டிக் கொடுங்க. அதுக்குத்தான் அக்கா இவ்வளவும் எழுதுறேன்.

எந்த நாட்டுத் தீனியா இருந்தாலும் முதல் விதி ஒண்ணுதான். தீ கொழுந்துவிட்டு எரியும்போது எதையும் அதுல காட்டாதீங்க. அடங்கிக் கங்கு விழுந்த பிறகு சுடுங்க. சர்க்கரை பழுப்பாகி மணக்கிறது சுமார் 160 டிகிரி செல்சியஸ்ல. கொழுந்தோட சூடு அதைவிடப் பல மடங்கு, கூடவே புகையும் கரியும். மேல கருகிரும், உள்ளே பச்சையாவே கிடக்கும். கங்கு ஒரே சீரா அனல் வீசும். சூடு சரியான்னு கையை வச்சே பார்த்துக்கலாம். கங்குக்கு மேல ஒரு சாண் உயரத்துல உள்ளங்கையை நீட்டி நிதானமா எண்ணுங்க. ரெண்டு எண்றதுக்குள்ள கையை இழுத்துக்கிட்டா இன்னும் பொறுக்கணும். அஞ்சு வரைக்கும் தாங்கினா மார்ஷ்மெல்லோவுக்கும் மாவுக்கும் ஏத்த சூடு. இந்தச் சோதனையைப் பெரியவங்க மட்டும் செய்யுங்க.

நெருப்பு போடுற இடமும் விறகும்

மொட்டைமாடியில நேரா தளத்து மேல நெருப்பு போடக்கூடாது. சூட்டுல தட்டோடு விரிசல் விடும், சிமென்ட் பூச்சு பேர்ந்து தெறிக்கும். கும்முட்டி அடுப்போ பழைய இரும்புச் சட்டியோ எடுத்து, செங்கல் பரப்பி அது மேல வையுங்க. கிராமத்துல வீடு இருந்தா வாசல்ல ஒரு சின்னக் குழி போதும். குழியைச் சுத்தி வைக்க வைகையில கிடக்கிற கூழாங்கல்லைத் தூக்கிட்டு வராதீங்க. உள்ளே ஊறியிருக்கிற தண்ணி ஆவியாகி, கல்லு பட்டுன்னு வெடிச்சு முகத்துல தெறிக்கும். காய்ஞ்ச செங்கல்தான் நம்பலாம்.

விறகுக்கு நம்ம பக்கம் பஞ்சமே கிடையாது. சீமைக்கருவேலத்தை ஊரே திட்டுது, நிலத்தடித் தண்ணியைப் பத்தின கவலையில அது நியாயமும்தான். ஆனா கங்குக்கு அதை மிஞ்ச முடியாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கி விக்கிறதும் அதைத்தான். டவுனுக்குள்ள இருக்கிறவங்க நேரா கரியே வாங்கிக்கோங்க, பக்கத்து வீட்டுக்குப் புகை போகாது. பத்த வைக்கத் தேங்காய் மட்டை, காய்ஞ்ச பனை ஓலை, ரெண்டு வரட்டி இருந்தா போதும். சமையல்ல மிஞ்சுற கொட்டாங்குச்சியைத் தூக்கிப் போடாம ஒரு சாக்குல சேர்த்து வச்சிருங்க. அதுல விழுற கங்கு புகையே இல்லாம தகதகன்னு நிக்கும். விறகு எரிஞ்சு கங்காக முக்கால் மணி நேரம் வரைக்கும் ஆகும். அதனால பசி எடுக்கிறதுக்கு முன்னாடியே, சாயங்காலத்திலேயே பத்த வச்சிருங்க. அவசரப்பட்டு மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊத்தவே கூடாது. தீ குப்புன்னு மேல ஏறும். தப்பிச்சாலும் சுடுறதுல எல்லாம் அந்த வாடை அடிக்கும்.

பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய கட்டில் சட்டம், பிளாஸ்டிக் இதெல்லாம் எரியுற நெருப்புல தின்ற பண்டத்தைக் காட்டாதீங்க. போகி அன்னைக்குக் காலையில தெருவுல எரியுற நெருப்புல பிள்ளைங்க கிழங்கைப் போடப் பார்ப்பாங்க, தடுத்திருங்க. அதுல டயரும் இருக்கும், பழைய பாயும் இருக்கும்.

குச்சி விஷயத்துலயும் கவனம் வேணும். வேலியில ஒடிக்கிற குச்சி எல்லாம் ஆகாது. அரளி உயிருக்கே ஆபத்தான விஷம். எருக்கும் கள்ளியும் பால் வடியும். புளியங்குச்சி, மூங்கில் சிம்பு எடுத்துக்கோங்க. ரெண்டு முழத்துக்குக் குறையாம நீளம் இருக்கணும். நுனியில பட்டையைச் சீவிட்டு அரை மணி நேரம் தண்ணியில போட்டு வச்சா குச்சி பத்திக்காது. இரும்புக் கம்பின்னா பிடிக்கிற பக்கம் ஈரத்துணி சுத்தாதீங்க, சூடு ஏறினா ஆவி கையைப் பொசுக்கும். காய்ஞ்ச பருத்தித் துணியைக் கனமா சுத்துங்க.

மார்ஷ்மெல்லோ

இது ஒரு காலத்துல சதுப்பு நிலத்துச் செடி ஒண்ணோட வேர்ல இருந்து எடுத்த பசையை வச்சு பிரான்ஸ் நாட்டு மிட்டாய்க்காரங்க செஞ்ச பண்டம். இப்ப அந்த வேருக்கு வேலையே இல்லை. சர்க்கரைப்பாகு, ஜெலட்டின், உள்ளே நிறையக் காத்து, அவ்வளவுதான். ஜெலட்டின்ங்கிறது மாடு, பன்னியோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. அதனால சைவக்காரங்க பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பார்த்து வாங்கணும். முஸ்லிம் வீட்டுக் கூட்டாளிங்களும் வர்றாங்கன்னா ஹலால் முத்திரையோ பச்சைப் புள்ளியோ இருக்கிறதா வாங்குங்க. நம்ம வீட்டு நெருப்பைச் சுத்தி உட்கார்ற பிள்ளை ஒண்ணுகூட வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கக்கூடாது. சைவ வகையில சிலது சூடு பட்டதும் ஒழுகிரும். முதல்ல ஒண்ணைச் சுட்டுப் பார்த்துட்டுப் பிள்ளைங்க கையில கொடுங்க.

கங்குக்கு நேர் மேல பிடிக்காம, பக்கவாட்டுல ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, நிறுத்தாம உருட்டிக்கிட்டே இருக்கணும். முதல்ல மேல ஒரு மினுமினுப்பு வரும். அப்புறம் உள்ளே இருக்கிற காத்து சூடாகி உப்பும். பொன்னிறம் திரும்பி, குச்சியில இருந்து தானா வழுக்கி இறங்கப் பார்க்கும். அதுதான் பதம். தீப்பிடிச்சிட்டா குச்சியை வீசி ஆட்டவே ஆட்டாதீங்க, எரியுற பாகு பக்கத்துல இருக்கிற பிள்ளை மேல போய் ஒட்டும். ஒரே ஊதுல அணைக்கணும். வாயில போடுறதுக்கு முன்னாடி இருபது எண்ணச் சொல்லுங்க, மேல ஆறினாலும் உள்ளே கொதிக்கும். நாலு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழுசா கொடுக்காதீங்க, தொண்டையில அடைக்கும். சின்னச் சின்னதா நறுக்கிக் கொடுங்க.

அமெரிக்காவுல இதை ரெண்டு பிஸ்கட்டுக்கு நடுவுல சாக்லேட்டோட வச்சு அமுக்கித் தின்பாங்க. ஸ்மோர்ஸ்னு பேரு. 1927-லேயே அங்கே சிறுமியர் சாரணர் கையேட்டுல இதோட செய்முறை அச்சாகியிருக்கு. மதுரையில இதுக்குச் சாக்லேட் தோதுப்படாது. சாக்லேட்ல இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கமே உருகிடும். நம்ம ஊர் வெயிலுக்குக் கடையில இருந்து வீடு வர்றதுக்குள்ளேயே குழஞ்சிரும். அதுக்குப் பதிலா கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வையுங்க, 2020-ல புவிசார் குறியீடு வாங்கினதே அதுதான். மெல்லிசான துண்டா ரெண்டு எடுத்து, நடுவுல சுடச்சுட மார்ஷ்மெல்லோவை வச்சு அமுக்கினா, அந்தச் சூட்டுலயே வெல்லம் லேசா இளகும். கடலை இருக்கிறதால திகட்டாது. பாட்டிகளுக்கும் பல்லு ஆடுற பிள்ளைங்களுக்கும் மாரி பிஸ்கட்ல வச்சுக் கொடுங்க.

குச்சியில குத்தின தேங்காய்

இனிப்பைக் குச்சியில குத்தி நெருப்புல சுடுறதை நாம வெளிநாட்டுல இருந்து கத்துக்க வேண்டியதில்லை. கரூர், நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் ஆடி 1-ஆம் தேதி தேங்காய் சுடுவாங்க. மகாபாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கி 18 நாள் நடந்துச்சுன்னும், அதுல ஜெயிக்கணும்னு வேண்டிச் சுட்டுப் படைச்சாங்கன்னும் ஒரு கதை சொல்லுவாங்க. அமராவதி, காவிரிக் கரையில மட்டும் இல்லை, தெருவுல வீட்டு வாசல்லயே சுடுவாங்க. புதுசா கல்யாணம் ஆன பொண்ணும் மாப்பிள்ளையும் தலை ஆடிக்கு வந்திருக்கிற நேரம், அதனால வீடே கலகலன்னு இருக்கும். என் மாமியார் வீடு கரூர்ங்கிறதால இது எங்க வீட்டுல விட்டுப் போகாத வழக்கம். மதுரையில இருக்கிற உங்களுக்கும் இது வரணும்னு ஆசைப்பட்டே விரிவா சொல்றேன்.

ரொம்ப முத்தாத, ஆட்டினா தண்ணி சத்தம் கேக்கிற நடுத்தரத் தேங்காயா எடுங்க. குடுமி உட்பட நாரை முழுக்க உரிச்சிட்டு, சொரசொரப்பான தரையில தேய்ங்க. கையில வழுவழுன்னு படுற வரைக்கும் தேய்க்கணும். ஒரு நார் மிச்சம் இருந்தாலும் அது முதல்ல பத்திக்கிட்டு ஓட்டை ஒரு பக்கமா கருக்கிரும். மூணு கண்ணுல இளகின கண் ஒண்ணு இருக்கும், அதைக் கம்பியால குத்தித் துளையாக்கித் தண்ணியை ஒரு டம்ளர்ல பிடிச்சு வையுங்க.

ஒரு தேங்காய்க்குப் பூரணம் இப்படி: அவல் ரெண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை ஒண்ணு, வறுத்து ஊற வச்ச பாசிப்பருப்பு ஒண்ணு, வறுத்த எள் ஒரு தேக்கரண்டி, பொடிச்ச வெல்லம் மூணு மேசைக்கரண்டி, ஏலக்காய் ஒண்ணு. எல்லாத்தையும் கலந்து துளை வழியா கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. ஈர்க்குச்சியால தள்ளினா உள்ளே போயிரும். முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க, அவல் ஊறி உப்ப இடம் வேணும். பிடிச்சு வச்ச தண்ணியில ரெண்டு மூணு கரண்டி திரும்ப ஊத்துங்க. அப்புறம் அந்தத் துளையிலேயே அழிஞ்சிக் குச்சியைச் செருகணும். கரூர், சேலம் சந்தையில ஆடிக்கு முன்னாடி இந்தக் குச்சியைக் கட்டுக் கட்டா விப்பாங்க. இங்கே கிடைக்கலேன்னா கெட்டியான புளியங்குச்சி போதும். செருகும்போது ஒரு பக்கம் நூல் அளவு இடைவெளி விடுங்க. ஆவி போக வழி இல்லாம அடைச்சிட்டா தேங்காய் வெடிக்கும்.

இதுக்கு மட்டும் கங்கு மேல லேசா தீ ஆடினாலும் பரவாயில்லை, ஓடு கனமா இருக்கே. திருப்பிக்கிட்டே இருங்க. முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், பிள்ளைங்களுக்குக் கை வலிக்கும், முறை வச்சு மாத்திப் பிடிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஓடு கறுத்து, உள்ளே களகளன்னு கொதிக்கிற சத்தம் கேக்கும். குச்சி ஓரத்துல வெல்லப்பாகு நுரைச்சு வெளியே வந்து, கங்குல சொட்டி, தெரு முழுக்க மணக்கும். கடைசியில ஓட்டுல மெல்லிசா விரிசல் விழும். அரை மணி நேரத்துல ஆகிரும். எடுத்து ஆற வச்சு, பிள்ளையாருக்குப் படைச்சிட்டு, தட்டி ஓட்டை எடுத்தீங்கன்னா பருப்பு இளம்பழுப்பா சுருங்கி, பூரணம் அதோட ஒட்டிக் கெட்டியா நிக்கும். கீத்துக் கீத்தா நறுக்கிக் கொடுங்க.

ஆடியில சுடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லலை. கங்கு எடுத்து அடிச்சா எதிர்த்த வீட்டு ஓலைக் கொட்டகையில போய் விழும். அந்த மாசம் குழி வெட்டித்தான் சுடணும், காத்து வர்ற பக்கம் தகரம் சாத்தணும்.

காட்டுல சுடுறது

திருமங்கலம், பேரையூர் கரிசல்ல சோளமும் கம்பும் பால் பிடிச்சு இறுகுற பருவத்துல கதிரை ஒடிச்சு, காட்டு ஓரத்திலேயே சருகு நெருப்புல வாட்டுவாங்க. சுட்ட கதிரைச் சாக்குல போட்டுத் தேய்ச்சு, உமியை ஊதிட்டு, சூடா வெல்லத்தோட தின்னுங்க. அந்தப் பச்சை மணமும் பால் இனிப்பும் கதிர் முத்திட்டா வராது. மகாராஷ்டிரத்துல சோலாப்பூர்ப் பக்கம் இதையே ஹுர்டான்னு சொல்லி, குளிர்காலத்துல காசு கொடுத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றாங்க. குஜராத்துல சூரத்காரங்க பொங்க்னு பேரு வச்சு, சேவும் எலுமிச்சையும் சேர்த்துக் கொண்டாடுறாங்க. நம்ம பக்கம் பிள்ளைங்களுக்குப் பேரே தெரியலைன்னு நினைக்கும்போது எனக்கு ஆதங்கமா இருக்கு. சொந்தக்காரங்க யாராவது சோளம் போட்டிருந்தா இந்த லீவுக்குக் கூட்டிட்டுப் போங்க. காட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு ஒடிக்கணும். மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னும் கேக்கணும்.

மக்காச்சோளம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மேல் தோலை உரிக்காம பத்து நிமிஷம் தண்ணியில ஊற வச்சு அப்படியே கங்குல போட்டா முத்து வறண்டு போகாது. கடைசி ரெண்டு நிமிஷம் தோலை உரிச்சு வாட்டி, எலுமிச்சைத் தோல்ல உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்ங்க. பச்சைக் கடலையைச் செடியோடவே சருகு மேல போட்டுச் சுடலாம். ஆவணி, புரட்டாசியில பனம்பழம் விழும். முழுப் பழத்தை உருட்டி உருட்டிச் சுட்டு, தோலை உரிச்சு, நாரோட சப்பிட்டு, கொட்டையை மண்ணுல புதைங்க. தையில கிழங்கு தோண்டலாம்.

கிழங்கைக் கங்கு மேல போடாம சுடுசாம்பலுக்குள்ள புதைக்கணும். சீனிக்கிழங்கு மெதுவா சூடேறும்போதுதான் அதுல இருக்கிற மாவு இனிப்பா மாறும். அவசரமா சுட்டா சப்புன்னு இருக்கும். ஜப்பான்ல சூடான கூழாங்கல்லுக்குள்ள கிழங்கைப் புதைச்சு வச்சு, குளிர்கால ராத்திரியில வண்டியில கூவி விக்கிறதும் இதே சூட்சுமத்துலதான். கையளவு கிழங்குக்கு முக்கால் மணி நேரம் கொடுங்க, நடுவுல ஒரு தடவை புரட்டினா போதும். ஈர்க்குச்சி குத்தினா தடையில்லாம இறங்கணும். இங்கிலாந்துல நவம்பர் 5 ராத்திரி ஊரே கூடி நெருப்பு மூட்டும்போது உருளைக்கிழங்கை இப்படிச் சுடுவாங்க. நீங்களும் ரெண்டு போட்டு, பிளந்து, வெண்ணெயும் மிளகும் தூவிக் கொடுங்க, இனிப்பு தின்ன வாய்க்கு இதமா இருக்கும்.

பரோட்டா மாவுல ஒரு வேலை

ஜெர்மனியில ஈஸ்ட் போட்ட மாவைக் குச்சியில சுத்திச் சுட்டுத் தின்பாங்க, டென்மார்க்லயும் உண்டு. மதுரைக்காரங்களுக்கு இது ரொம்ப லேசு, பரோட்டாவுக்குப் பிசையிற மைதா மாவே போதும். ஒரு கப் மாவுக்கு ரெண்டு தேக்கரண்டி சர்க்கரை, உப்பு, ஒரு சிட்டிகை சோடா, ரெண்டு கரண்டி புளிக்காத தயிர், மிச்சத்துக்குத் தண்ணி. எண்ணெய் தடவி ரெண்டு மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்க. விரல் கனத்துக்குத் திரிச்சு, கட்டைவிரல் பருமன் குச்சியில இடைவெளி விட்டுச் சுத்துங்க. கனமா சுத்தினா நடுவுல வேகாது. எட்டு, பத்து நிமிஷம் உருட்டினா சிவந்து, குச்சியில இருந்து உருவினா கழண்டு வரும். அந்தக் குழலுக்குள்ள நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் ஊத்திக் கொடுங்க. சர்க்கரைக்குப் பதிலா முதல் நாள் சால்னாவை ஊத்தித் தின்னாலும் அருமையா இருக்கும்.

வாழைப்பழத்தைத் தோலோட கீறி, கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் அடைச்சு, ரெண்டு சுத்து வாழை இலையில மடிச்சு நார் கட்டிப் போட்டாலும் கால் மணி நேரத்துல ஆகிரும். நேந்திரம் நல்லா தாங்கும், பூவன் குழஞ்சிரும்.

எங்கே கூடாது, சுட்டுக்கிட்டா என்ன செய்யணும்

அழகர்மலை, நாகமலை, சிறுமலை அடிவாரத்துல காட்டை ஒட்டி நெருப்பு போடவே போடாதீங்க. வனத்துக்குள்ள நெருப்பு வைக்கிறது சட்டப்படி குத்தம். 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத்தீயில இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனதை நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. காய்ஞ்ச புல்லுல தீ எவ்வளவு வேகமா ஏறும்னு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க. வைக்கோல் படப்பு, கரும்புக் காடு, தென்னந்தோப்புப் பக்கமும் வேண்டாம்.

நெருப்புக்கிட்ட உட்கார்றவங்க பருத்தித் துணி உடுத்தணும். துப்பட்டாவை இறுக்கி முடிஞ்சுக்கோங்க, சடையைக் கொண்டை போடுங்க. பாலியஸ்டர் பத்தினா உருகித் தோலோட ஒட்டும். ஒரு வாளி தண்ணி, ஒரு வாளி மணல் பக்கத்துலயே இருக்கணும்.

சூடான பாகு கையில ஒட்டிட்டா பிய்ச்சு எடுக்காதீங்க. உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல எரிச்சல் குறைஞ்சாலும் கையை எடுக்கக்கூடாது. வீங்குறதுக்கு முன்னாடி வளையல், மோதிரத்தைக் கழட்டிருங்க. இங்க் ஊத்துறது, தோசை மாவு பூசுறது, பற்பசை தடவுறது, ஐஸ் வைக்கிறது எதுவும் வேண்டாம். டாக்டருக்குப் புண்ணைப் பார்க்கவே முடியாம போயிரும், கிருமியும் ஏறும். கொப்புளத்தை உடைக்காதீங்க. முகம், கை, மூட்டு, இல்லேன்னா பிள்ளையோட உள்ளங்கையை விடப் பெரிய இடம்னா தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. தீ துணியில பிடிச்சிட்டா ஓட விடாம தரையில உருட்டி, கனமான போர்வையால மூடி அணைச்சிட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் மேல மண்ணைத் தள்ளிட்டு உள்ளே போயிராதீங்க. மண்ணுக்கு அடியில கங்கு மறுநாள் வரைக்கும் கனலும், காலையில பிள்ளை வெறுங்காலோட மிதிச்சிரும். தண்ணி ஊத்திக் கிளறுங்க, மறுபடி ஊத்துங்க, புறங்கையைக் கிட்ட கொண்டு போய் அனல் அடிக்குதான்னு பார்த்துட்டுப் படுங்க. சுத்தமான விறகுச் சாம்பலைச் சலிச்சு வச்சா வெண்கலப் பாத்திரம் தேய்க்க ஆகும். மார்ஷ்மெல்லோ ஒட்டின கம்பியைக் கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டா பாகு கரைஞ்சிரும். ராத்திரியே கழுவிருங்க, விட்டா காலையில எறும்பு வரிசை கட்டி நிக்கும்.